ஜெயபுரத்துக்குக் கொண்டுபோன ஐந்து சொற்கள்

வான் வண்டியில் மூன்று பேர் இருந்தோம். முன் இருக்கையில் நரம்பியல் டொக்டர் வாசுகி, ஓட்டுநர் குணம் அண்ணை, பின்னால் கேள்வித்தாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆய்வு உதவியாளனாகிய நான். வராதவர் உளவியல் பிரிவு நிர்மலா அக்கா. டெங்குக் காய்ச்சலில் அவர் வார்ட்டில் படுத்திருந்தார். ஞாபகச் சோதனையின் மாற்றுத் தாள் அவருடைய கைப்பையில் இருந்தது. அது இல்லாமலே புறப்பட்டோம். போன பயணங்களில் அது ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை, காலை 5.30. வவுனியாவிலிருந்து ஜெயபுரம் நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. போரில் தலையில் காயப்பட்ட முன்னாள் போராளிகளின் ஞாபகம், நித்திரை, கோபம், வலிப்பு ஆகியவற்றை அறிவதுதான் எங்கள் ஆய்வு. வீட்டுக்குப் போய்ச் சோதனை செய்வோம். புள்ளி குறைந்தவர்களுக்கு மூளை ஸ்கான் எடுக்கப்படும். அதில் ஓர் இடம் மீதி. இதுவே கடைசிப் பயணம்.

இந்த வேலை கிடைத்தபோது அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாடு பெரிது. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து பூவரசங்குளத்துக்கு வந்து கூலிவேலை செய்தே என்னைப் படிப்பித்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான்தான். "கேள்வி கேக்குறதுக்குமா சம்பளம் குடுக்குறாங்க?" என்றார். பிறகு அயலில் எல்லோருக்கும் சொன்னார்: "எம்புள்ள டொக்டரோடதான் வேல."

6.10. ஓமந்தையில் தேநீர். பிளேன்ரீ ஒன்று ஐம்பது ரூபா, பருப்பு வடை எண்பது. குணம் அண்ணை இரண்டு வடை தின்று மூன்றாவதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டார்.

"அது ஆருக்கு அண்ணை?"

"மல்லாவியில எனக்குப் பசிக்கும், தம்பி. அந்தக் குணத்துக்கு."

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு இடப்பக்கம் திரும்பினோம். மல்லாவி, துணுக்காய் வழியாக வெள்ளாங்குளம், பிறகு வடக்கே. வெட்டிய வயல்களில் மயில்கள் மேய்ந்தன. வடை மல்லாவிவரை தாங்கவில்லை.

8.45. ஜெயபுரம். குணம் அண்ணை வானை ஒழுங்கைக்குள் ஒளிக்காமல் வீதியிலேயே, கதவுகளைத் திறந்து விட்டு நிறுத்துவார். தெரியாத வாகனத்தில் வந்து பெயர் கேட்பவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் பழைய பயம் உண்டு. அதனால் நாங்களும் முதலில் எங்கள் பெயர், ஊர், அம்மா அப்பாவின் பெயர்களைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவரைக் கேட்போம்.

அன்று சோதிக்க வேண்டிய செல்வராசா அண்ணையின் வீட்டில் கூட்டம். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து, அயல் வீடுகளிலிருந்து கதிரை வாங்கிப் போட்டிருந்தார்கள். அண்ணை குளித்து, தலை வாரி இழுத்து, வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு இருந்தார். நெற்றிக்கு மேல் தலைமயிர் முளைக்காத பள்ளம் ஒன்று. கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்தபோது வந்தது. அதற்குப் பிறகு சொன்னதை மறப்பார், திடீரென்று கத்துவார், சில நாளில் வலிப்பு வந்து விழுவார். தண்ணீர் பாய்ச்சத் தன் முறை வந்த நாளை மறந்து, வயலுக்குப் போகாமல் விட்டதற்கு, "வேலைக் கள்ளத்தில நடிக்கிறார்" என்று விவசாயிகளின் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தலைவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அண்ணை கூட்டத்துக்குப் போவதில்லை.

சோதனை எளிது. ஐந்து சொற்களை வாசிப்போம். வேறு கதை கதைத்துவிட்டு, பிறகு அவற்றைத் திருப்பிக் கேட்போம். நான் தாளை விரித்தேன். இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"கிணறு, தோடம்பழம், மாடு, கதிரை, மழை!" என்றார் அண்ணை.

முற்றத்தில் கைதட்டல். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "பாத்தியளே! ஒரு மூச்சில!" என்றார். நான் தாளைப் பார்த்தேன். ஐந்தும் சரி. வரிசையும் சரி.

அண்ணையின் மனைவி லோகா அக்கா பெருமையோடு தேநீர் கொண்டுவந்தார். "என்ர தங்கச்சி பூவரசங்குளத்தில இருக்கிறாள். போன கிழமை நீங்கள் அங்க ஒருத்தரிட்ட இந்தச் சொல்லுகளைக் கேக்கேக்க பக்கத்தில நிண்டவள். போனில சொன்னாள். மூண்டு நாளா மாடு அவிழ்க்கேக்க, சாப்பிடேக்க, படுக்கேக்க எண்டு சொல்லிக் குடுத்தனாங்கள். இந்த அயலே சொல்லிக் குடுத்தது."

எனக்குக் கோபம் வரவில்லை. நான் சாதாரணதரப் பரீட்சை எழுதியபோது அம்மாவும் இப்படித்தான். வாசிக்கத் தெரியாமலே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு, சொல்லு" என்பார். சோதனை என்றால் பாசாக வேண்டும். எங்கள் சனத்துக்கு அதற்கு வேறு பொருளில்லை. ஆனால் இந்தப் புள்ளியை எழுதினால் அண்ணைக்கு ஸ்கான் இல்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் வேண்டுமென்றே பிழைவிடுவார், சோதனையே பழுது. நான் டொக்டரைப் பார்த்தேன்.

டொக்டர் தேநீரை ஒரு வாய் குடித்தார். "லோகா, நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கிறீங்கள். ஆனா இப்ப நாங்கள் சோதிச்சது அவற்ற தலையை இல்லை, உங்கட தலையை. உங்கட தலை வலு திறம். நான் பாக்க வந்தது அவற்ற தலையை."

லோகா அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

மாற்றுத் தாள் வார்ட்டில். ஜெயபுரத்தில் போன் சிக்னலும் இல்லை. நான் குளக்கட்டுக்கு ஓடினேன். கட்டின் மேல் நின்று போனை உயர்த்தியபோதுதான் சிக்னல் கோடு கிடைத்தது. "தம்பி, எனக்கு நூற்றிரண்டு காய்ச்சல்" என்றார் நிர்மலா அக்கா. "சரி, எழுதும். குடை, எலுமிச்சை, ஆடு, விளக்கு, காற்று." எழுதக் கடதாசி இல்லை. ஓடிவரும் வழியில் மறந்துவிடுவேன் என்ற பயத்தில் பேனையால் உள்ளங்கையில் எழுதினேன். மறதியைச் சோதிக்கப் போகிறவன் நான்.

திரும்பி வந்தபோது முற்றம் வெறுமையாக இருந்தது. லோகா அக்காவே எல்லோரையும் அனுப்பியிருந்தார். "நானும் போகட்டே?" என்று கேட்டார். "இரும்" என்றார் அண்ணை. லோகா அக்கா கதிரையில் அமர்ந்து சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

ஐந்து சொற்களையும் வாசித்தேன். மாட்டைப் பற்றி, பனிக்காலத்தைப் பற்றிக் கதைத்தோம். பிறகு கேட்டேன்.

அண்ணை லோகா அக்காவைப் பார்த்தார். இத்தனை வருடமும் சாவி எங்கே, இன்று என்ன கிழமை, வந்தவர் யார் என்று அவர் பார்த்த பார்வை அதுதான். ஒவ்வொரு முறையும் பதில் வந்திருக்கும். இன்று வரவில்லை. லோகா அக்காவின் கண்ணால் நீர் ஓடியது. தலைப்பை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"ஆடு," என்றார் அண்ணை. நெடுநேரம் கழித்து, "ஆடுதான்."

பிறகு என்னிடம் திரும்பினார். "பெயிலோ தம்பி?"

மீதிக் கேள்விகளையும் முடித்த பிறகே டொக்டர் பதில் சொன்னார். வேண்டுமென்றே பிழையாகச் சொல்பவர் பிடிபடும் கேள்விகளும் அவற்றுள் உண்டு. அண்ணை அவற்றில் பிடிபடவில்லை.

"இது பாஸ், பெயில் இல்லை. உங்கட மூளையில காயம் இருக்கு எண்டுதான் இது சொல்லுது. கடைசி இடம் உங்களுக்குத்தான். ஸ்கானுக்கு வாங்கோ."

அண்ணை நெற்றிக்கு மேலிருந்த பள்ளத்தைத் தடவினார். "அப்ப நான் நடிக்கேல்லை," என்றார்.

"ஓம். நடிக்கேல்லை."

"லோகா, கேட்டீரே? டொக்டர் சொல்லுறா, நான் நடிக்கேல்லையாம்."

லோகா அக்கா வாயிலிருந்து தலைப்பை எடுத்தார். "எனக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை," என்றார்.

12.20. புறப்பட்டோம். வீதியில் காத்திருந்த அயலவர்கள் வானைச் சூழ்ந்தார்கள். "என்னவாம்? பாசோ?" குணம் அண்ணை கண்ணாடியை இறக்கி, "ஸ்கானுக்கு எடுபட்டிட்டார்!" என்றார். திரும்பவும் கைதட்டல். நான் படித்த படிப்புக்கு அதுவரை யாரும் கைதட்டியதில்லை. அந்தக் கைதட்டல் எனக்கில்லை. ஆனாலும் வெள்ளாங்குளம்வரை அது காதில் இருந்தது.

அடுத்த வியாழன் இருவரும் பஸ்சில் வவுனியா வந்தார்கள். ஷெல்லின் இரும்புத் துண்டு இருக்கக்கூடிய தலைக்குக் காந்த ஸ்கான் ஆகாது என்பதால் சி.டி. எடுத்தார்கள். திரையில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள். "ரெண்டோ? நான் ஒண்டெண்டெல்லோ நினைச்சன்," என்றார் அண்ணை. துண்டுகளை எடுக்க முடியாது. வலிப்புக்குக் குளிசை உண்டு, அதை விழுங்க லோகா அக்காதான் ஞாபகப்படுத்த வேண்டும். படத்தைத் தன் போனில் பிடித்துத் தரச் சொன்னார் அண்ணை. வரும் கூட்டத்துக்குத் தானே போய்த் தலைவருக்குக் காட்டப்போகிறாராம்.

ஸ்கான் இலவசம். வழிச்செலவை ஆய்வு கொடுக்கும் என்று படிவத்தை நீட்டினேன். பஸ் இருவருக்கும் போகவர 1,640. சாப்பாடு, தேநீர் 900. அண்ணை புதுச் சேட் போட்டிருந்தார், மடிப்புக் கோடுகூட அழியவில்லை.

"படம் பிடிக்கப் போறம் எண்டு வாங்கினது," என்றார் லோகா அக்கா. "ஆயிரத்து எண்ணூற்றைம்பது. அதை எழுதாதேங்கோ தம்பி. அது நான் அவருக்கு வாங்கிக் குடுத்தது."

படிவத்தில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். எல்லாமாக அவர்களுக்கு ஆனது நாலாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு ரூபா.