நான் தவிட்டுக்கு விற்ற குழந்தை

வகுப்பில் நான் அதட்டிப் பேசுகிறவள். அதனால் மாணவிகள் என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானோ சரியான பயந்தாங்கொள்ளி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரியும். யுத்த காலத்தில், குழந்தை நல ஊழியத்துக்குப் பெண்களைத் தயார்செய்யும் ஓராண்டுப் படிப்பு ஒன்றைப் பல்கலைக்கழகம் எங்கள் கல்லூரிக்கு அனுமதித்தது. அதை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாடம் சொல்வதில் கஷ்டமில்லை. எட்டுப் பெண்களை ஆறு வாரம் கிராமத்தில் தங்கவைத்து வேலை பழக்க வேண்டும் என்ற விதிதான் என் பிராணனை வாங்கியது. யாரைப் பாம்பு கடிக்கும், யாருக்கு அம்மை போடும், எந்தத் தகப்பனார் தந்தியடிப்பார் என்று நினைத்து நினைத்தே எனக்குச் சோறு இறங்காது.

அந்த முறை சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் தங்கியிருந்தோம். கோடை விடுமுறை என்பதால் பள்ளிக்கூடத்தை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். போன மறுநாளே மாணவிகளை உட்காரவைத்து ஒரு பாடம் சொன்னேன். கேட்பாரற்றுக் கிடக்கும் குழந்தையைக் கண்டால் முதலில் தூக்கு, பிறகு விசாரி. யாரும் உரிமை சொல்லாவிட்டால் அன்றைக்கே சேலத்து அநாதை இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர். இதை மூன்று தடவை சொல்லி எழுதிக்கொள்ளவும் வைத்தேன்.

இரண்டாவது வாரம், ஒரு நாள் காலை எட்டு மணி இருக்கும். எங்களில் இளையவள், பத்தொன்பது வயதுப் பெண், மார்போடு எதையோ அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பச்சைக் குழந்தை. பிறந்து பத்து நாள்கூட இருக்காது.

"குப்பைமேட்டுல கிடந்தது, டீச்சர்! மூணு பொம்பளைங்க நின்னு வேடிக்கை பார்க்கறாங்க. யார் குழந்தைன்னு கேட்டேன். 'யாரு பெத்துப் போட்டதோ, ஆருக்குங்க தெரியும்'னு ஒருத்தி சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. கல்நெஞ்சம்!"

துணியை விலக்கிப் பார்த்தேன். பெண் குழந்தை. அவ்வளவுதான், எங்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. குழந்தையின் உடம்பில் விளக்கெண்ணெய் வாசனை அடித்தது. கன்னத்தில் மைப்பொட்டு இருந்தது. தொடை மடிப்பில் தவிடு ஒட்டியிருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுவது எப்படி என்று நாலு வருஷமாகப் பாடம் நடத்துகிற எனக்கு, வேண்டாமென்று எறிகிற குழந்தைக்கு யாராவது எண்ணெய் தேய்ப்பார்களா என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: இது எங்கள் கையில் செத்துப்போனால் என்ன செய்வது? மணியக்காரரைத் தேடி ஆளனுப்பினேன். அவர் தாலுகாவில் வரிக்கணக்குக் காட்டும் ஜமாபந்திக்குப் போயிருந்தார். சேலம் போகும் காலை பஸ் புறப்படும் நேரம். அந்தப் பெண்ணையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டேன்.

பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ் கரி வாயுவில் ஓடியது, அல்லது ஓடுவதாகப் பேர் பண்ணியது. நாமக்கல்லில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, பின்னாலிருந்த கரி அடுப்பைக் கிண்டத் தொடங்கினார். பலாப்பழ மூட்டையோடு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தையை எட்டிப் பார்த்தாள்.

"தவிட்டுப் புள்ளைங்களா, சாமி? இதுக்கு மின்ன எத்தன போச்சுங்க?"

எனக்குப் புரியவில்லை. குப்பைமேட்டில் எடுத்தது என்றேன். அவள் சிரித்தாள்.

"அதானுங்க. பொறந்ததெல்லாம் தங்கலீன்னா குப்பையில போடுவாங்க. புள்ளைக நல்லா இருக்கற பொம்பள ஒருத்தி வந்து எடுத்துக்கோணும். அப்புறம் பெத்தவ தவிடு குடுத்து வாங்கிக்குவா. அதுவரைக்கும் பெத்தவ 'என்ர புள்ள'ன்னு வாயத் தொறக்கப்படாதுங்க. எமன் காதுல உழுந்துரும்."

உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று குழந்தைகளைச் சீண்டுவது எங்கள் ஊரிலும் உண்டு. நான் அதை வெறும் கேலி என்றே நினைத்திருந்தேன். இப்போதுதான் விஷயம் புரிந்தது. வேடிக்கை பார்த்த மூன்று பெண்களில் ஒருத்தி தாய். யாருக்குத் தெரியும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவளே அவளாகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பிப் போக மாலைவரை பஸ் இல்லை. ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்தோம். ஏழு மைல், சித்திரை வெயில். முதலில் குழந்தை வீரிட்டு அழுதது. என் மாணவியும் அழுதாள். "வாயை மூடு" என்று அவளை அதட்டினேன். அதட்டாவிட்டால் நானும் அழுதிருப்பேன். கையோடு கொண்டுவந்திருந்த கொதித்து ஆறிய தண்ணீரைக் கரண்டியால் ஊட்டினேன். அது கடைவாய் வழியாக வழிந்தது. பாதி வழியில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. "தூங்கிடுச்சு, டீச்சர்" என்றாள் அவள். நான் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தேன். பள்ளமாக இருந்தது. உடம்பில் நீர் வற்றினால் அப்படி ஆகும் என்று நான்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டவள். அவளிடம் சொல்லவில்லை.

அதற்கு மேல் இன்னொரு பயமும் கூடவே வந்தது. பலாப்பழக்காரி சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. புள்ளைகள் நல்லா இருக்கிற பொம்பளை. எனக்குப் பிறந்தவை இரண்டு. இரண்டும் ஒரு வயதைத் தாண்டவில்லை. அந்தத் துக்கத்தை மறக்கத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். கல்லூரியில் இது யாருக்கும் தெரியாது.

ஊர் எல்லையிலேயே அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர். அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். யாரும் கிட்டே வரவில்லை. நடுவில் ஒரு பெண் நின்றாள், இருபது இருபத்திரண்டு வயதுக்காரி. அவள் சேலையின் முன்பக்கமெல்லாம் பாலில் நனைந்திருந்தது. பக்கத்தில் அவளுடைய நாத்தனார் தவிட்டு முறத்தோடு நின்றாள். காலையில் வந்து குழந்தையை எடுக்க வேண்டியவள் அவள்தான். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதால் தாமதமாகிவிட்டதாம்.

என் மாணவி ஜட்காவிலிருந்து குதித்து, "மன்னிச்சிடுங்க, உங்க குழந்தையை வாங்கிக்குங்க" என்று நீட்டினாள்.

தாய் இரண்டடி பின்னால் போனாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அது என்ரதில்லீங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, மார்பில் பால் சொட்டுகிறது, கை மட்டும் வரவில்லை. குழந்தையோ துணி மாதிரிக் கிடக்கிறது. என் வாழ்க்கையில் அதுபோல் நான் பயந்ததில்லை.

நான் இறங்கிக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். "இது என் குழந்தை. வேணும்னா தவிடு குடுத்து வாங்கிக்கோ" என்றேன்.

அவள் நகரவில்லை. "ஏனுங்கம்மா, அந்தப் பொண்ணு கண்ணாலம் ஆவாதவங்க. நீங்க சொல்லுங்க. உங்களுக்குக் கொழந்தைக இருக்குதுங்களா?"

"ரெண்டு."

"நல்லாருக்குதுங்களா?"

"நல்லா இருக்கு" என்றேன். "ரெண்டும் நல்லா இருக்கு. சீக்கிரம் வாங்கிக்கோ, தாயே."

நாத்தனார் தவிட்டை என் முந்தானையில் கொட்டினாள். தாய் பாய்ந்து வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். குழந்தை பால் குடிக்கவில்லை. அவள் பாலைப் பீய்ச்சி அதன் உதட்டில் தடவினாள். மறுபடி தடவினாள். பிறகு கன்னம் லேசாக அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. நானும் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு பயம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. பொய் சொல்லி விற்ற குழந்தை ஆயிற்றே! கிருமி பற்றியும் சுத்தம் பற்றியும் ஊர் ஊராகப் பேசுகிற நான், எமனை ஏமாற்றிவிட்டோம், கண்டுபிடித்துவிடுவான் என்று உள்ளுக்குள் நடுங்கினேன். மீதி இருந்த நாலு வாரமும் அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மாணவிகள் வீடுவீடாகப் போய்வந்து சொல்லும்போது அந்த வீட்டு முறை வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து வெளியே போய்விடுவேன்.

அடுத்த வருஷமும் அதே ஊருக்குத்தான் முகாம் அமைந்தது. நான் உடம்பைச் சாக்குச் சொல்லிக் கல்லூரியிலேயே இருந்துகொண்டேன். குழந்தையைத் தூக்கிவந்த அதே பெண் படிப்பை முடித்து எங்களிடமே உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். அவளை அனுப்பினேன். திரும்பி வந்தவள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"நடக்குது, டீச்சர்! ஓடிவந்து என் சேலையைப் பிடிச்சு இழுக்குது. அதோட அம்மா உங்களைத்தான் கேட்டாங்க. உங்க ரெண்டு குழந்தைகளுக்காகவும் தினம் விளக்கு வச்சுக் கும்பிடறாங்களாம். ஒரு தடவை கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க. டீச்சர், நான்கூட இத்தனை நாள் கேட்டதே இல்லை. எங்கே படிக்கிறாங்க?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அந்தக் குழந்தைக்கு இன்னும் ஒன்றரை வயதுகூட ஆகவில்லை; எமன் காதில் விழுந்துவிட்டால்?

"ஊர்ல இருக்காங்க" என்றேன். "ரெண்டும் நல்லா இருக்குன்னு அவளுக்கு எழுதிடு."