கெமராவுக்குச் சிரிக்காத இருவர்

தொண்ணூறுகளில் இன நல்லுறவுக்கென்று ஒரு நிறுவனம் நிதி தந்து கிழக்கிலங்கையின் மருதமுனையில் தறிகள் போட்டது. தமிழும் முஸ்லிமும் சோடியாக நெய்ய வேண்டுமாம். எனக்குச் சோடி பக்கத்து ஊர் பாண்டிருப்புத் தமிழ்ப் பெண் மலர். என் காக்காவை, கூடப்பிறந்த அண்ணனை, அவளுடைய ஆட்கள் கொன்றிருந்தார்கள். அவளுடைய தம்பியை எங்கள் ஆட்கள். நூலை நான் நீட்ட, எதிரில் இருந்து அவள் தறி அச்சின் பற்களுக்குள்ளால் இழுப்பாள். இழை கைமாறும், முகம் பார்க்க மாட்டோம்.

ஒருநாள் கொழும்பிலிருந்து அந்த நிறுவனத்து அதிகாரி கெமராவோடு வந்தார்.

"ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுச் சிரிங்க. படம் அனுப்பினாத்தான் அடுத்த உதவி."

மலர் எழும்பினாள். "இவட காக்காவும் என்ட தம்பியும் மண்ணுக்குள்ள கிடக்காங்க. எதுக்குச் சிரிக்க?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஓம், அவ சொன்னதுதான். கெமராவ உள்ளுக்கு வைங்க," என்றேன்.

உதவி நின்றது. மலரை நான் மன்னிக்கவில்லை. அவளும் என்னை மன்னிக்கவில்லை. ஆனால் என் காக்காவின் சாவை என் வீட்டுக்கு வெளியே வாய்திறந்து சொன்ன முதல் ஆள் அவள்தான்.