எட்டுப் படியில் மூன்று போனால்

போன வாரம் போடியில் அரிசிக் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் புது மூட்டையின் தையலைப் பிரித்ததும் சாக்கும் தவிடும் கலந்த வாசனை எழுந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் அவருடைய பேத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஓய்வுபெற்ற டீச்சருக்கு வாய் சும்மா இருக்குமா? "எட்டுல மூணு போனா எவ்வளவு பாப்பா?" என்றேன். "அஞ்சு" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல். இதே கணக்கு ஒருமுறை என் பள்ளிக்கூடத்தையே மூடப் பார்த்தது.

எழுபதுகளின் கடைசி. போடிமெட்டுக்கு ஏறும் சரிவில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, நான். பள்ளி தற்காலிக அனுமதியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கு வருகிற அதிகாரி பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. மறுநாளே அத்தனை பேரும் ஏலக்காய் பறிக்கப் போய்விடுவார்கள். அதனால் வாய்ப்பாட்டை உருப்போட வைத்து, கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு, கல்யாணப் பெண்ணைப் போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே ஜீப்புச் சத்தம் கேட்டது. பிள்ளைகளின் முகம் அப்படியே மாறிப்போனதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

அதிகாரி நல்ல மனிதர்தான். பிள்ளைகள் அன்றாடம் காண்பதை வைத்துக் கேள்வி கேட்க வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொன்னதை அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. "ஒரு அம்மா எட்டுப் படி அரிசியத் தலையில சுமந்துக்கிட்டு மலை ஏறுறாங்க. வழியில மூணு படி போயிடுச்சு. மிச்சம் எவ்வளவு?" என்றார். எவ்வளவு அழகான கேள்வி என்று நான்கூட மகிழ்ந்து போனேன்.

ஒரு வாயும் திறக்கவில்லை.

முன்வரிசையில் பேச்சி இருந்தாள். கணக்கில் புலி. அவளைக் கைகாட்டினார். "தெரியாதுங்கய்யா." சரி, எளிதாகக் கேட்போம் என்று நினைத்தாரோ என்னவோ, "உங்க அம்மா பேரு என்ன?" என்றார். "தெரியாதுங்கய்யா." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் உறைத்தது. அந்த நாளில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்கு அரிசி கொண்டுபோகத் தடை. எங்கள் ஊர்ப் பெண்கள் ஒற்றையடிப் பாதையில் அரிசியைச் சுமந்துபோய் எஸ்டேட்டுகளில் விற்றுத்தான் வயிற்றைக் கழுவினார்கள். அரிசிக் கடத்தலைப் பிடிக்கிற அதிகாரிகள் ஜீப்பில் வருவார்கள்; பிள்ளைகளிடம்தான் நைசாகப் பேச்சுக் கொடுப்பார்கள். முந்தின வருஷம் மிட்டாய் கொடுத்துக் கேட்டவரிடம் பேச்சி உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். அதிலிருந்து ஜீப்பில் வருகிற யார் எதைக் கேட்டாலும் ஊர்ப்பிள்ளைகளுக்கு ஒரே பதில்தான்.

இதை அவரிடம் எப்படி விளக்குவது? விளக்கினால் ஊரையே காட்டிக்கொடுத்ததாகிவிடும். என்ன துணிச்சலோ, "சார், பிள்ளைக முதல்ல உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கட்டுமா?" என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார். நல்லவேளை, தலையாட்டினார்.

பேச்சி எழுந்தாள்.

"எட்டுல மூணு போனா எவ்வளவுன்னு ஒங்களுக்குத் தெரியுமாய்யா?"

"தெரியுமே."

"தெரிஞ்சும் ஏன் கேக்குறீக?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "உனக்குத் தெரியுமான்னு பார்க்கத்தான் தாயி. வேற எதுக்கும் இல்ல. நான் பள்ளிக்கூடத்து ஆளு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"அஞ்சு" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா வழியில மூணு மட்டும் போகாதுய்யா. பிடிச்சாகன்னா எட்டும் போயிரும். எங்காத்தாளும் வராது."

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "கணக்கு சரி. மத்தது என் காதுல விழல" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வாய் திறந்தது.

ஜீப்பு இறங்கிப் போன பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. காலையிலேயே மலையேறிப் போயிருந்த பேச்சியின் அம்மா, பொழுது சாயும்போது வெறும் சாக்கை மடித்து இடுக்கிக்கொண்டு பாதையில் இறங்கி வந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன். அடுத்த மாதமே அனுமதியும் வந்துவிட்டது.

இன்று அந்தத் தடை இல்லை. பாதையில் உண்ணிப்புதர் மண்டிவிட்டது. அந்தக் கொட்டகையும் இல்லை. பிள்ளைகளை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. கடைக்காரர் பேத்தி வாய் திறந்தால் யாருடைய அம்மாவும் பிடிபடப் போவதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அரிசியை வாங்கிக்கொண்ட பிறகு சற்று நேரம் அங்கேயே நின்றேன், ஏன் கேட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பாளோ என்று. அவள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டிருந்தாள்.