கம்பைநல்லூருக்கு ஒட்டுவாலாப் போய் வந்தது

போன ஞாயித்துக்கெழமை எங்கக்கா மகன் பிரபுவுக்குப் பொண்ணு பாக்கப் போனோம். பதினோரு வூடு பாத்தாச்சு, ஒண்ணும் அமையல. வயசு முப்பத்தஞ்சு. மோட்டாருக்குக் காயில் கட்டுறதுல கெட்டிக்காரன், ஆனா பொண்ணு வூட்டுல வாய் மட்டும் பூட்டிக்கும். "சித்தி வந்தாத்தான் நான் வருவேன்"னு அடம் புடிச்சான். அக்காவுக்கு மனசில்ல. நான் புருஷன் இல்லாதவ. நல்ல காரியத்துக்கு முன்னால நிக்கக் கூடாதுங்கறது அவ நெனப்பு.

என்னை மாதிரி ஆளுக்கு நம்ம பக்கம் பேரு நெறைய. வேண்டாத நேரத்துல நுழைஞ்சா பூஜையில கரடி. ஆட்டத்துல இருந்தும் கணக்குல வராட்டி உப்புக்குச் சப்பாணி. கூப்புடாமயே பின்னால போனா ஒட்டுவாலு. புதுசாக் கல்யாணமான தங்கச்சி கூடச் சினிமாவுக்குப் போயி கரடியா இருந்திருக்கேன்; அவங்க ரெண்டு பேரு பாப்கார்னையும் நானே தின்னேன். அன்னிக்கு ஒட்டுவாலுன்னு நெனச்சுத்தான் பஸ் ஏறுனேன்.

காரிமங்கலத்துல 9.40க்கு டவுன் பஸ். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. அக்கா வூட்டுக்காரரு மாமாவுக்கும் பிரபுவுக்கும் ஆளுக்குப் பதினஞ்சு ரூபா. முக்கா மணி நேரத்துல கம்பைநல்லூர். அங்கிருந்து பொண்ணு ஊரு நாலு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோதான்.

"எத்தன பேருங்க?"ன்னாரு ஆட்டோக்காரர்.

"மூணு பேரு"ன்னா அக்கா.

"நாலு தலை தெரியுதுங்களே?"

"நான் லக்கேஜுங்க"ன்னேன்.

"லக்கேஜுக்கும் இருபது ரூபாதானுங்க." மனுசன் சிரிக்கவே இல்ல.

பொண்ணு பேரு செல்வி. அப்பா இல்ல, அம்மா தையல் தெச்சு வளத்திருக்காங்க. காபி குடிச்சாச்சு, பொண்ணையும் புடிச்சுப் போச்சு. மாமா சந்தோசத்துல பைய அப்படியே தட்டுல கவுத்தாரு. ஆரஞ்சு, வெத்தல பாக்கு, அமைஞ்சா வெக்கலாம்னு வாங்குன ரெண்டு மொழம் மல்லி, கூடவே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கல்லும் உருண்டு விழுந்துச்சு.

நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போகக் கூடாதுன்னு, நாலாவது ஆளாக் கல்லு ஒண்ணு எடுத்துட்டுப் போறது எங்க வழக்கம். பொண்ணோட அம்மாவுக்கும் அது தெரியும். எங்க நாலு பேரையும் ஒருக்கா பாத்தாங்க.

"நாலு பேருதானுங்க வந்திருக்கீங்க? இந்தக் கல்லு யாருக்குப் பதிலா?"

அக்கா தல குனிஞ்சா. பொட்டில்லாத என் நெத்தியப் பாத்ததும் அந்தம்மாவுக்குப் புரிஞ்சுருச்சு. "அப்ப என் மக கல்யாணத்துல நான் எங்கங்க நிக்கறது? எனக்கும் ஒரு கல்லு வெச்சுருவீங்களா?"

போச்சு, பன்னண்டாவது வூடும் போச்சுன்னு நெனச்சேன். "அய்ய, நான் கடைசி நிமிசத்துல ஏறுனவங்க, அக்காவுக்கே தெரியாது"ன்னு புளுக ஆரம்பிச்சேன்.

"சும்மா இரு சித்தி"ன்னான் பிரபு. பதினோரு வூட்டுல தொறக்காத வாயி! "தப்பு எங்க மேலதானுங்க. கல்லு எடுத்தத நானும் பாத்தேன், கேக்கல. என் கல்யாணத்துல சித்தியும் முன்னால நிப்பாங்க, நீங்களும் நிப்பீங்க. சம்மதம்னா சொல்லுங்க, இல்லாட்டி நாங்க கெளம்பறோம்."

அந்தம்மா செல்வியத் திரும்பிப் பாத்தாங்க. அந்தப் புள்ள லேசாத் தலையாட்டுச்சு. "அப்ப பூவ உங்க தங்கச்சியே வெக்கட்டும்"னாங்க அக்காகிட்ட.

நான் அக்காவையே பாத்துட்டிருந்தேன். அவ கை தட்டு மேலயே நின்னுச்சு. அப்பறம் மல்லிய எடுத்து என் கையில குடுத்தா. "வெய்யிடி"ன்னா, கண்ணத் தொடச்சுக்கிட்டே.

எட்டு வருசமாப் பூவத் தொடாத கை, கொண்டை ஊசிய எங்க குத்துறதுன்னு தெரியல. "சின்னத்த, அது காதுங்க"ன்னுச்சு செல்வி. வூடே சிரிச்சுது.

அந்தப் பக்கம் போறவங்க 9.40 பஸ்ஸ விட்டுடாதீங்க, அடுத்தது 11.15க்குத்தான். சந்தை நாள்ல போனா உக்கார எடம் கெடைக்காது. தண்ணி பாட்டில் வூட்லயே நெரப்பிக்குங்க. ஷேர் ஆட்டோவுக்கு நாலு மணிக்கு மேல ரொம்ப நேரம் நிக்கணும், சாப்புட்டதும் கெளம்புங்க. ஒட்டுவாலா வர்றேன்னு யாராவது சொன்னா ஏத்திக்குங்க.

நிச்சயத்துக்கு வேன் பேசியாச்சு. டிரைவர் பக்கத்து சீட்டு மாமாவோடது, இருபது வருசமா யாருக்கும் விட்டுக் குடுத்ததில்ல. "அது என் தங்கச்சிக்கு, நீங்க பின்னால ஏறுங்க"ன்னு நேத்து அக்காவே சொல்லிட்டா.