தங்கச்சியின் இரத்தம்

கொட்டாஞ்சேனைக் கொன்ஸ்ரன்ஸுக்குத் தங்கச்சி டோரினைக் கண்டாலே வயிறு எரியும். டோரின் ஒரு கெடுதலும் செய்தவள் இல்லை. எரிச்சல் கூடியதற்கு அதுவே காரணம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாப்பிள்ளை செபமாலை டோரினைப் பார்த்து, "இவதானே பொம்பிளை?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கலியாணம் கொன்ஸ்ரன்ஸோடுதான் நடந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவள் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அவளுடைய கழுத்துக் கழலை மூச்சை அடைக்கத் தொடங்கியது. வெட்டி எடுக்கவேண்டும், இரத்தமும் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்றார் டொக்டர். செபமாலையின் இரத்தம் பொருந்தவில்லை. டோரினுடையது அப்படியே பொருந்தியது.

"அக்காவுக்கு எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்கோ," என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள் டோரின். செபமாலைக்குக் கண் கலங்கிவிட்டது.

கொன்ஸ்ரன்ஸால் அந்தக் கலங்கிய கண்ணைத்தான் தாங்க முடியவில்லை. இனிச் சாகும்வரைக்கும் டோரின் தந்த உயிர் என்றுதானே சொல்லுவார்கள்! எல்லாரும் வெளியே போனதும் நர்ஸ் இரத்தினம்மாவின் கையைப் பிடித்தாள்.

"மிஸ்ஸி, அவளின்ர இரத்தம் எனக்கு வேண்டாம்."

"ஏன்? நோய்நொடி ஒண்டும் இல்லாத பிள்ளையெல்லோ?"

"இருந்திருந்தா வாங்கியிருப்பன்."

இரத்தினம்மா அவளின் கண்ணிமையை இழுத்து, இரத்தம் போதுமா என்று பார்த்தாள். "அப்ப உங்கட இரத்தத்தையே முன்கூட்டி எடுத்து, ஐஸ் பெட்டியில வைச்சு, ஒப்பரேஷன் நேரம் திருப்பி ஏத்தலாம். டொக்டரிட்டக் கேட்டுப் பாக்கிறன். ஆனா நீங்க நல்லாச் சாப்பிட வேணும்."

டொக்டர் சம்மதித்தார். கொன்ஸ்ரன்ஸ் ஈரலையும் முருங்கையிலையையும் பேரீச்சம்பழத்தையும் ஒரு வெறியோடு சாப்பிட்டாள். முதல் போத்தல் நிறையும்போது தலை சுற்றியது. அப்படியும் கண்ணை மூடவில்லை. அடுத்த கிழமை இன்னொரு போத்தல். ஒப்பரேஷனில் இரண்டும் தேவைப்பட்டன.

கண் திறந்தபோது கட்டிலருகே டோரின் இருந்தாள். "என்ர இரத்தம் உங்களுக்கு ஆகாதா அக்கா?"

கழுத்தில் கட்டோடு கதைப்பது கஷ்டம். ஆனாலும் சொன்னாள். "ஆகும். அதுதான் வேண்டாமெண்டனான்."

டோரினுக்கு விளங்கியது. எழும்பிப் போகாமல், பக்கத்திலிருந்த விசிறியை எடுத்து விசிறத் தொடங்கினாள். அதுவும் கொன்ஸ்ரன்ஸுக்குப் பிடிக்கவில்லை.

புண் ஆறின பிறகு இரத்தினம்மா ஆள் அனுப்பினாள். மருதானையிலிருந்து ஒப்பரேஷனுக்கு வந்த லுத்பியா என்பவளுக்குப் பொருந்தும் இரத்தம் கிடைக்கவில்லை. தன்னுடையதை முன்கூட்டிக் கொடுக்கவும் பயந்து அழுகிறாளாம். கொன்ஸ்ரன்ஸ் போய்ப் பக்கத்தில் இருந்து கழுத்துத் தழும்பைக் காட்டினாள்.

"இந்த இரத்தம் உங்கட சொந்தச் சாமான். ஒருத்தருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை," என்றாள்.

லுத்பியா அழுகையை நிறுத்திக் கையை நீட்டினாள். அதன் பிறகு அப்படி யார் வந்தாலும் கொன்ஸ்ரன்ஸைத்தான் கூப்பிட்டார்கள். டோரினுக்கு இல்லாத ஒன்று கடைசியில் தனக்குக் கிடைத்ததென்று அவள் உள்ளூர மகிழ்ந்தாள்.

ஒருநாள் டோரினும் கூடவே வந்தாள். அன்றைக்கு இரத்தம் கொடுக்கவந்த மயிலம்மா, வந்ததும் வராததுமாக டோரினின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் புள்ள பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்ல."

கொன்ஸ்ரன்ஸ் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். "டோரின், இவவின்ர ஆக்கள் வந்திட்டினமோ எண்டு கீழ போய்ப் பார்."

டோரின் மறுபேச்சில்லாமல் எழுந்து போனாள். கொன்ஸ்ரன்ஸ் அவள் விட்ட கதிரையில் இருந்தாள். மயிலம்மா டோரின் போன வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஊசி ஏறியபோது, அருகிலிருந்த கொன்ஸ்ரன்ஸின் கையை இறுக்கிப் பிடித்தாள். டோரின் திரும்பி வரும்போது போத்தல் பாதி நிறைந்திருந்தது; கொன்ஸ்ரன்ஸ் கதிரையை விட்டு எழும்பவில்லை.