சரி என்றால் போதும் என்று அர்த்தம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ரப்பர் தோட்டத்தில் பால் வாளி தூக்கிய இதே கையால்தான் கேகாலைப் பக்கம் இரண்டு கடை போட்டேன். நான் சிங்களம் பேசினால் சிங்களவரே எந்த ஊர் என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட என் கண் முன்னால் என் மனைவியை அலற வைத்தார்கள்.

மழையில் படி வழுக்கி விழுந்ததில் அவளுக்கு வலது தோள் இறுகிவிட்டது. கையைத் தூக்கிக் கொண்டை போட முடியாது. தலைவாரிவிட மகள் வர வேண்டும். அதுதான் அவளுக்குப் பெரிய வெட்கம். ஆஸ்பத்திரியில் கிழமைக்கு ஒரு நாள் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். பயிற்சி கொடுப்பவர் சின்ன வயதுச் சிங்கள மிஸ்.

மூன்றாவது தடவை போனபோது எனக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே நின்றேன். மிஸ் அவள் கையை மெல்ல உயர்த்தி, "ரிதெனவாத அம்மே?" என்றார். நோகிறதா என்று கேட்கிறார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, சரி" என்றாள். அந்த இழுவையில் சொன்னால், "போதும், விடு" என்றுதான் எங்கள் ஆட்களுக்கு அர்த்தம். மிஸ்ஸுக்கோ அது "ஹரி, ஹரி" என்று கேட்டிருக்கிறது. சிங்களத்தில் அது பரவாயில்லை என்ற பேச்சு. இன்னும் ஒரு சாண் தூக்கிவிட்டார். இவள் போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது.

நான் விட்டேனா? "இது மனுசக் கையா, கவ்வாத்து வெட்டுற கிளையா? நோயாளிக்கு ஒரு உரிமையும் இல்லையா? தமிழ் தெரிஞ்ச ஒரு ஆள வச்சிக் கேட்டா என்ன?" என்று சிங்களத்திலேயே ஏசினேன்.

மிஸ் பதிலுக்குக் கத்தவில்லை. அவளுடைய சிகிச்சை அட்டையை விரித்துக் காட்டிச் சிங்களத்தில் சொன்னார். "போன ரெண்டு தடவையும் நான் அம்மாகிட்டத்தான் கேட்டேன் ஐயா. நோகல, வீட்லயும் தினம் செய்றாங்கன்னு சொன்னது நீங்க. அத நம்பித்தான் இன்னிக்குக் கொஞ்சம் கூடுதலாத் தூக்கினேன்."

சொன்னது உண்மைதான். ரப்பர் பால் வெட்டின கை, இதெல்லாம் அவளுக்குத் தூசு என்று பெருமையும் அடித்திருந்தேன். காலையில் கடை திறக்க ஓடும் அவள், சுவரில் விரலால் ஏறும் பயிற்சியை வீட்டில் ஒரு நாளும் செய்யவில்லை. அதற்காக அந்த அறையில் பேருக்கு ஒரு தமிழ் எழுத்துகூட இல்லாததை நான் மன்னிக்க வேண்டுமா? மாட்டேன்.

வெளியே வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ள என்னத்தானே கேட்டிச்சு. நீங்க வாயத் தொறந்தா எனக்கு எங்கங்க எடம்?"

"ஒனக்குச் சிங்களம் தடுமாறுமேன்னு..."

"எனக்கும் தெரியும். நோவுல தமிழ்தான் வந்திச்சு."

அடுத்த கிழமை என்னை வெளியே வாங்குப் பலகையில் உட்காரச் சொல்லிவிட்டு அவளே உள்ளே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "ரிதெனவா மிஸ். நவத்தன்ன." நோகிறது, நிறுத்துங்கள். உடனே நிறுத்திவிட்டார்கள். என் இவ்வளவு சிங்களத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வந்தவள் கையைத் தூக்கிக் காட்டினாள். காது வரைக்கும் வந்தது.

"நாளையில இருந்து காலையில கடைய நீங்களே தொறங்க," என்றாள். "எனக்குச் சொவத்துல ஏறுற வேல இருக்கு."