ஆர் ஆருக்கு என்ன முறை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு வீடியோ கருவி கசெட்டை உள்ளிழுத்துச் சுற்றத் தொடங்கியபோது, திரையில் முதலில் தெரிந்தது ஒரு கதவும், அதற்கு வெளியே பெட்டியோடு நின்ற ஒரு பெண்ணும். கறுப்பு வெள்ளைப் படம். சுதா அக்காவுக்கு அந்த வருடம் பரீட்சைக்கு ஓர் அமெரிக்க நாடகம் பாடமாக இருந்தது. அதையே படமாக எடுத்திருக்கிறார்கள் என்று அறிந்து கவுன்சில் நூலகத்திலிருந்து கசெட்டை இரவல் எடுத்து வந்திருந்தாள். எண்பதுகளின் கடைசி. லண்டனின் ஈஸ்ட் ஹாமில், மளிகைக் கடையொன்றின் மேல்மாடியில் இரண்டு அறை வீடு. எனக்குப் பதினொரு வயது.

எங்கள் கதவிலும் அதற்கு ஏழெட்டு மாதம் முன்பு ஒருவர் பெட்டியோடு வந்து நின்றிருந்தார். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். அவர் வருமுன் சுதா அக்கா நாடகம் வாசிக்கும்போது எதிர்ப்பாத்திரத்தின் வரிகளை நான்தான் வாசிப்பேன், பாதி விளங்காமல், ஆனால் உரத்த குரலில். சின்னம்மா வந்த பிறகு அந்த இடம் அவருடையதாயிற்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் ஒரே போர்வைக்குள் கால்களை நீட்டி வாசிப்பார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, சின்னம்மா எந்தச் சொல்லிலாவது தடுக்கி விழுவாரா என்று காத்திருப்பேன். அவர் விழுந்ததில்லை.

அம்மாவுக்கு இருந்தது வேறு எரிச்சல். அப்பா பெற்றோல் நிலைய ஷிப்டுக்குப் போகும் வழியில் சின்னம்மாவைக் கொலிஜில் இறக்கிவிடுவார். காரின் முன் இருக்கையில் அவர்கள் ஆங்கிலத்தில் பேசிச் சிரிப்பதை அம்மா மேல்மாடி யன்னலிலிருந்து பார்ப்பார். கீழிருந்து சிரிப்புக் கேட்காது, வாய் மட்டும்தான் தெரியும். "விடிய வெள்ளன அப்பிடி என்ன பகிடி?" என்று தேநீர்க் கேத்திலிடம் கேட்பார்.

லண்டனில் வளர்ந்த எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று இருந்தது. டொக்டரிடமும் கவுன்சில் அலுவலகத்திலும் தாய்க்கு மொழிபெயர்க்க வேண்டும். அன்றும் நான் அம்மாவின் காலடியில் அமர்ந்து அதைத்தான் செய்தேன். படத்தில் ஒரு மனைவி, கணவன், தங்கிப்போக வந்த மனைவியின் தங்கை. மூவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு அது பிடிபடவில்லை.

"பேரைச் சொன்னால் எனக்கு விளங்காது பிள்ளை. ஆர் ஆருக்கு என்ன முறை எண்டு சொல்லு."

அப்படியே சொன்னேன். "தங்கச்சி சொல்றா, அத்தான், என்னையும் ட்ரக்கில கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. தமக்கை குசினிக்குள்ள அடுப்படியில நிண்டு பார்க்கிறா."

சோபாவில் அப்பாவும், சுதா அக்காவும், அவளுக்கு அருகே சின்னம்மாவும் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அத்தான் என்று ஒருவரைத்தான் ஒருவர் அழைத்தார். அமெரிக்கப் பெயர்களோடு தூரத்தில் நின்ற மூன்று பேரை, முறை சொல்லி, நான் எங்கள் முன்னறைக்குள் கூட்டி வந்துவிட்டிருந்தேன்.

"படத்தைப் பார்க்க விடு. இதென்ன வானொலி மாதிரி," என்றார் அப்பா.

"உங்களுக்கு விளங்குது. எனக்கு விளங்க வேண்டாமே?" என்றார் அம்மா.

சற்று நேரத்தில் அந்தக் கணவன் ஏதோ சொல்ல, அப்பாவும் சின்னம்மாவும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு அந்த வரி பிடிபடவில்லை.

"என்னவாம்?"

"அதைத் தமிழில சொன்னால் பகிடி வராது," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடைசிக் காட்சிக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை: தங்கை பெட்டியோடு படியிறங்குகிறாள், தமக்கை கதவைச் சாத்துகிறாள், தாழ்ப்பாள் விழும் சத்தம்.

"சாத்தினது சரி. அவள் வேற என்ன செய்யிறது?" என்றார் அம்மா. சுதா அக்கா ஏதோ சொல்ல வாய் திறந்தாள். சின்னம்மா அவள் முழங்காலில் கை வைத்தார். பிறகு எழுந்து தேநீர்க் கோப்பைகளைச் சேர்த்து எடுத்தார்.

"அக்கா, ஆர்ச்வே பக்கம் ஒரு அறை இருக்காம். நான் அங்கை போறன். கோயிலும் கிட்ட."

"நான் உன்னைப் போகச் சொன்னனானே?"

"இல்லை அக்கா. நீங்கள் சொல்லேல்லை."

அடுத்த சனிக்கிழமை போனார். அப்பா காரில் கொண்டுபோய் விட எழுந்தபோது, டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் போய் மாறிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அன்றிரவே நான் நாடகப் புத்தகத்தோடு சுதா அக்காவின் போர்வைக்குள் புகுந்தேன். நான் நாலு வரி வாசித்ததும் அவள் புத்தகத்தை வாங்கி மூடினாள். "உனக்கு அவவின்ர பகுதி வராது," என்றாள்.

இப்போது அந்த மேல்மாடியில் நகைக்கடைக்காரர் ஒருவர் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறார். வீடியோ கருவிகளும் இல்லை, இரவல் கசெட்டுகளும் இல்லை. அப்பா இல்லை. அம்மா ஆங்கிலத் தொடர்களைத் தனியே பார்த்துத் தனியே சிரிக்கிறார், முறை கேட்பதில்லை. சின்னம்மா ரொறன்ரோவிலிருந்து வருடப்பிறப்பன்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பார். இருவரும் காலநிலையைப் பற்றிப் பேசுவார்கள்.

போன மாதம் பழைய புத்தகக் கடையொன்றில் அந்த நாடகம் அகப்பட்டது. ரயிலில் வாசித்து முடித்தேன். அதன் முடிவு வேறு. நாடகத்தில் தமக்கை கதவைச் சாத்துவதில்லை. வெறுங்காலோடு படியில் இறங்கி நின்று தங்கையின் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறாள்; கதவு திறந்திருக்க, விளக்கு அணைகிறது. தாழ்ப்பாள் படம் எடுத்தவர்கள் சேர்த்தது.

சுதா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "கசெட் எடுக்க முதலே நானும் சின்னம்மாவும் கடைசிப் பக்கம் வரை வாசிச்சிட்டம்."